புதியது இறங்கி வரட்டும்: பழைய கம்ப்யூட்டரை ஃபைல் சர்வரோடு சேர்ப்போருக்கு

பழைய கம்ப்யூட்டர்களைத் தூசி தட்டி ஓட வைக்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். சிலருக்கு அது ஆசை. சிலருக்குத் தேவை. விண்டோஸ் 98-இல் பேஜ்மேக்கரில் வடிவமைத்த புத்தகங்கள் ஏதோ ஓர் அச்சகத்தில் கிடக்கும். ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு ஏதோ ஒரு மண்டியில் இன்னமும் ஓடும். மெஷின் உயிர் பெற்றதும் வருகிற அடுத்த கேள்வி ஒன்றுதான்: இதை ஒரு ஃபைல் சர்வரோடு எப்படிச் சேர்ப்பது? கோஆக்சியல் கேபிள் காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவன் என்று என்னிடமும் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. படிப்பது தம்பியோ தங்கையோ, "நீ" என்றே பேசுகிறேன். வயது தந்த உரிமை.

1. உன் மெஷின் அந்தக் காலத்தில் எந்தச் சர்வரோடு பேசியது என்று முதலில் தெரிந்துகொள்.

நெட்வொர்க் என்றாலே டிசிபி/ஐபி என்று நினைத்துப் பழகியிருப்பாய். 1990-களின் முற்பாதியில் அலுவலக மேசைகளில் அதை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். அன்று இருந்தவை மூன்று குடும்பங்கள். டாஸ் மெஷின்களில் பெரும்பாலானவை நோவெல் நெட்வேர் சர்வரிடம் போகும். அவை பேசியது ஐபிஎக்ஸ், அதன்மேல் என்சிபி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்த நோவெல், ஜெராக்ஸின் எக்ஸ்என்எஸ்ஸைத் தழுவி ஐபிஎக்ஸை உருவாக்கியது. விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ், விண்டோஸ் 95, ஓஎஸ்/2 ஆகியவை எஸ்எம்பி குடும்பம். அதை 1980-களின் முற்பகுதியில் ஐபிஎம்மில் தொடங்கி வைத்தவர் பாரி ஃபைகன்பாம், வளர்த்தெடுத்தது மைக்ரோசாஃப்ட். மேக்கின்டாஷுக்குத் தனி வழி: ஆப்பிள்டாக், அதன்மேல் ஏஎஃப்பி.

இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. விண்டோஸ் விஸ்டாவில் ஐபிஎக்ஸ் கிடையாது. ஆப்பிள் 2009-இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் எக்ஸ் 10.6-இல் ஆப்பிள்டாக்கை எடுத்துவிட்டது. லினக்ஸ் கெர்னல் 2018-இல் 4.18-ஆம் பதிப்போடு ஐபிஎக்ஸைக் கைவிட்டது. லினக்ஸில் எஸ்எம்பி சர்வராக ஓடும் சாம்பா, 2019-இல் வந்த 4.11-இலிருந்து எஸ்எம்பியின் பழைய வடிவமான எஸ்எம்பி1-ஐ மூடியே வைத்திருக்கிறது. வேண்டுமென்றால் நீதான் திறக்க வேண்டும். உன் பழைய மெஷின் அன்று பேசியதையே இன்றும் பேசுகிறது. எதிர்ப்பக்கம் பேச்சை மாற்றிக்கொண்டுவிட்டது. ஆகவே இறங்கி வர வேண்டியது புதியதுதான். விண்டோஸ் 95-ஐப் புதுச் சர்வரின் உயரத்துக்கு ஏற்றிவிடலாம் என்று பாடுபடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கொஞ்ச நாளில் அவர்களே வந்து சேருவார்கள்.

2. சர்வர் கிடைக்கவில்லை என்றதும் சாஃப்ட்வேரைத் திறக்காதே. கேபிளைப் பார்.

கறுப்புக் கோஆக்சியல் கேபிள் வைத்திருக்கிறாய் என்றால் அது டென்பேஸ்2. இரண்டு முனைகளிலும் 50 ஓம் டெர்மினேட்டர் இருந்தே ஆக வேண்டும். ஒன்று கழன்றாலும் அந்த வரிசையில் உள்ள எல்லா மெஷினும் ஊமையாகிவிடும். டி கனெக்டர் நேராகக் கார்டிலேயே உட்கார வேண்டும். நடுவில் வால் விட்டு நீட்டக் கூடாது. ஒரு வரிசை 185 மீட்டரைத் தாண்டக் கூடாது. டிவி கேபிள் 75 ஓம். கைக்கு வசதியாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதே.

ஆர்ஜே45 உள்ள கார்டு என்றால் வேலை எளிது. ஆனால் அங்கும் ஒரு புதுச் சிக்கல் இருக்கிறது. இன்றைய 2.5 கிகாபிட், 10 கிகாபிட் போர்ட்டுகளில் பல 10 மெகாபிட் வேகத்துக்கு இறங்குவதே இல்லை. விளக்கு எரியாது, நீ கார்டைத்தான் சந்தேகப்படுவாய். நடுவில் ஒரு பழைய 10/100 சுவிட்சை வை. அதன் போர்ட்டை ஆட்டோவிலேயே விடு. ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டிவிட்டால் சின்ன ஃபைல்கள் போகும், பெரியவை தவழும். காரணம் தேடித் தேடி அலைவாய். வைஃபை வழியாக ஐபிஎக்ஸையும் ஆப்பிள்டாக்கையும் அனுப்பப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. கம்பி போடு.

3. கார்டோடு முதலில் சமாதானம் ஆகு.

என்இ2000 வகைக் கார்டுகள் பல, போர்ட் 300, ஐஆர்க்யூ 3 என்று அமைத்தபடியே வரும். அந்த ஐஆர்க்யூ 3 இரண்டாவது சீரியல் போர்ட்டின் இடம். மோதும். 5-க்கு மாற்றினால் சவுண்ட் கார்டு சண்டைக்கு வரலாம். 10 காலியாக இருந்தால் அதை எடுத்துக்கொள். 3காம் நிறுவனத்தின் ஈதர்லிங்க் 3 நல்ல கார்டு. அதோடு வந்த டாஸ் செட்டப் புரோகிராமை ஓட்டி, எந்த இணைப்பு என்பதை ஆட்டோவில் விடாமல், ஆர்ஜே45 கம்பி என்றால் டென்பேஸ்டி என்று நிலையாகப் பதித்துவிடு. கார்டின் சொந்தச் சோதனை புரோகிராம் தேறாத வரை அடுத்த படிக்குப் போகாதே.

4. டாஸில் வரிசையும் டிரைவ் எழுத்தும்.

நெட்வேர் கிளையன்ட் ஏறும் வரிசை மாறாது: எல்எஸ்எல், கார்டு டிரைவர், ஐபிஎக்ஸ்ஓடிஐ, கடைசியில் நெட்எக்ஸ் அல்லது விஎல்எம். இந்தக் கடைசி இரண்டுக்கும் உள்ள ஒரு வேறுபாடு பலரைக் கவிழ்த்திருக்கிறது. விஎல்எம்முக்குக் கான்ஃபிக் ஃபைலில் லாஸ்ட்டிரைவ் இசட் என்று எழுத வேண்டும். நெட்எக்ஸோ, லாஸ்ட்டிரைவுக்கு அடுத்த எழுத்திலிருந்துதான் நெட்வொர்க் டிரைவை எடுக்கும். அங்கே போய் இசட் என்று எழுதினால் எடுக்க எழுத்தே மிச்சம் இருக்காது. நெட்எக்ஸுக்கு ஈ என்று விடு. எஃப்-இலிருந்து நெட்வொர்க் தொடங்கும்.

640 கேபிக்குள் இடம் போதவில்லை என்றால் லோட்ஹை போட்டு மேலே ஏற்று. பிறகு மெம் கட்டளையால் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்.

5. ஐபிஎக்ஸில் ஃப்ரேம் வகை. இந்த ஒன்றைப் படிக்காமல் தாண்டாதே.

கேபிள் சரி, கார்டு சரி, டிரைவர் ஏறியாயிற்று. ஆனாலும் ஃபைல் சர்வர் எதுவும் அகப்படவில்லை என்று திரையில் வருகிறது. பத்தில் எத்தனை முறை என்று கணக்குச் சொல்ல மாட்டேன். நான் முதலில் சந்தேகப்படுவது ஃப்ரேம் வகையைத்தான்.

ஐபிஎக்ஸ் பாக்கெட்டை ஈதர்நெட்டில் நான்கு விதமான உறைகளில் போட்டு அனுப்பலாம்: 802.3, 802.2, ஈதர்நெட் 2, ஸ்னாப். உள்ளே இருக்கும் கடிதம் ஒன்றுதான். ஆனால் ஓர் உறையை எதிர்பார்க்கும் மெஷின் மற்ற உறையைப் பிரிக்காமலே போட்டுவிடும். பிழைச் செய்தியும் வராது. நெட்வேர் 3.11 வரைக்கும் வழக்கமான உறை 802.3. நெட்வேர் 3.12-இலிருந்தும் 4-இலிருந்தும் அது 802.2. பெயரைப் பார்த்து ஏமாறாதே. நோவெல் 802.3 என்று சொன்னது அந்தத் தரத்தின் முழு வடிவமும் அன்று. தரம் முடிவாகும் முன்பே ஐபிஎக்ஸை அப்படியே அதற்குள் வைத்து அனுப்பிப் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் பிற்காலத்தில் 802.2-க்கு மாற்றினார்கள்.

இதனால் என்ன ஆகும்? 3.11 காலத்து ஃபிளாப்பியிலிருந்து கிளையன்ட் போட்ட டாஸ் மெஷின், 3.12 சர்வரைக் காணாமலே போகும். இரண்டும் ஒரே சுவிட்சில் இருக்கும், இரண்டின் விளக்கும் மினுக்கும், ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது. டாஸ் பக்கத்தில் நெட் சிஎஃப்ஜி ஃபைலைத் திற. லிங்க் டிரைவர் என்ற வரிக்குக் கீழே ஃப்ரேம் எது என்று வெளிப்படையாக எழுது. விண்டோஸ் 95-இல் ஐபிஎக்ஸ் புரோட்டோகாலின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஃப்ரேம் டைப் ஆட்டோ என்று இருக்கும். வயரில் ஒரே வகை ஓடினால் ஆட்டோ சரியாகவே எடுக்கும். இரண்டு வகை ஓடினால் எதை எடுக்கும் என்று அதன்மேல் பொறுப்பைப் போடாதே. நீயே பதித்துவிடு.

சர்வர் உன் கையில் இருந்தால் இன்னும் சுலபம். ஒரே கார்டு டிரைவரை இரண்டு முறை லோட் செய்யலாம், ஒன்று 802.3 ஃப்ரேமோடு, இன்னொன்று 802.2 ஃப்ரேமோடு. பிறகு ஒவ்வொன்றையும் ஐபிஎக்ஸோடு தனித்தனியே பைண்ட் செய். இரண்டுக்கும் வெவ்வேறு நெட்வொர்க் எண் வேண்டும்.

6. நெட்வொர்க் எண்கள்.

மேலே சொன்ன எண்ணைக் கவனி. ஒரே வயரில், ஒரே ஃப்ரேமில் பேசும் சர்வர்கள் எல்லாம் ஒரே வெளி எண்ணை வைத்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு சர்வருக்குமான உள் எண் தனியாக, வேறு எதோடும் மோதாததாக இருக்க வேண்டும். வெளி எண் முரண்பட்டால் சர்வர் கன்சோலில் ரௌட்டர் கான்ஃபிகரேஷன் எர்ரர் என்று பீப் ஒலியோடு வந்துகொண்டே இருக்கும். அந்தச் செய்தியிலேயே எந்த மெஷின் எந்த எண்ணைச் சொல்கிறது என்பதும் இருக்கிறது. படித்தாலே போதும்.

ஒரு நெட்வேர் சர்வரை வெர்ச்சுவல் மெஷினாக நகலெடுத்து இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் ஓட விட்டால் வேறொரு புகார் கேட்கும். நெட்வேர் சர்வர்கள் தங்கள் வரிசை எண்ணை நெட்வொர்க்கில் அறிவித்துக்கொள்ளும். இரண்டு சர்வர் ஒரே லைசென்ஸில் ஓடினால் காப்பிரைட் மீறல் என்று எல்லாத் திரையிலும் செய்தி போடும்.

7. நெட்வேரை ஸ்விட்சை அணைத்து நிறுத்தாதே.

எழுத வேண்டியதை அது மெமரியில் பிடித்து வைத்திருக்கும். கன்சோலில் முதலில் டவுன், அப்புறம் எக்ஸிட். மின்சாரம் போய் நின்றுவிட்டால் மறுபடி ஏற்றும்போது, வால்யூமைச் சரிசெய்யும் விரிப்பேர் ஓட்ட வேண்டி வரும். யுபிஎஸ் இல்லாமல் நெட்வேர் ஓட்டாதே, அது வீட்டுப் பொழுதுபோக்காகவே இருந்தாலும்.

8. விண்டோஸில் ஒரே ஒரு புரோட்டோகாலை வை.

விண்டோஸ் 95-இல் கார்டு போட்டவுடன் தேவையில்லாத புரோட்டோகால்களும் சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். சர்வர் சாம்பா என்றால் உனக்குத் தேவை டிசிபி/ஐபி மட்டும். மற்றவற்றைத் தூக்கிவிடு. இல்லாவிட்டால் எது எதன் வழியாகப் போகிறது என்று உனக்கே தெரியாது. விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ் 3.11-இல் டிசிபி/ஐபி உள்ளேயே வராது. மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாக, இலவசமாகவே கொடுத்தது. என்டி சர்வர் சிடியில் கிளையன்ட்ஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும். டாஸுக்கான நெட்வொர்க் கிளையன்ட் 3.0-வும் அதே இடத்தில்தான்.

நெட்பியூயி என்ற புரோட்டோகால் பற்றி நிறைய நல்ல வார்த்தை கேள்விப்படுவாய். அமைக்க எதுவுமே வேண்டாம், வேகமானது, உண்மைதான். ஆனால் சாம்பா நெட்பியூயி பேசாது. ரௌட்டரையும் அது தாண்டாது. இரண்டு பழைய விண்டோஸுக்கு நடுவே மட்டும் ஓட்டலாம். எக்ஸ்பி மெஷின் ஒன்றும் அந்தக் கூட்டத்தில் இருந்தால், எக்ஸ்பி சிடியில் வேல்யூஆட் என்ற ஃபோல்டரைத் தோண்டு. மறைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

9. பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறதா?

சந்தோஷப்படு. பாஸ்வேர்ட் கேட்கிறது என்றால் கேபிளிலிருந்து புரோட்டோகால் வரை எல்லாம் தேறிவிட்டது.

முதலில் பெயர். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் சர்வருக்குச் சொல்லப்படும் பெயர், நீ விண்டோஸுக்குள் நுழையும்போது கொடுத்த பெயர்தான். ஷேரைத் திறக்கும்போது வேறு பெயர் கொடுக்க இடமே கிடையாது. பாஸ்வேர்ட் கட்டம் மட்டும் வரும். எனவே சாம்பாவில் எந்தப் பெயரில் கணக்கு வைத்தாயோ அதே பெயரில் விண்டோஸில் லாகின் செய். லாகின் கட்டத்தில் கேன்சலை அழுத்தி உள்ளே போகிறவர்கள் பலர். அப்படிப் போனால் நெட்வொர்க்கே கிடைக்காது.

அடுத்து பாஸ்வேர்டை அனுப்பும் முறை. விண்டோஸ் 95 பயன்படுத்துவது லேன் மேனேஜர் முறை. அது எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாக்கி, 14 எழுத்துக்குமேல் வெட்டி, ஏழு ஏழாக இரண்டாகப் பிரித்து மறைக்கிறது. இன்று அதை உடைப்பது சிறுபிள்ளை வேலை. அதனால்தான் புதிய சாம்பா அதை ஏற்க மறுக்கிறது, அது சரியும்கூட. உனக்கு வேண்டுமென்றால் சாம்பாவின் கான்ஃபிக் ஃபைலில் மூன்றைத் திறக்க வேண்டும். சர்வர் மின் புரோட்டோகால் என்பதை விண்டோஸ் 95-க்கு என்டி1 என்றும், ஒர்க்குரூப்ஸுக்கும் டாஸுக்கும் லேன்மேன்1 என்றும் இறக்கு. என்டிஎல்எம் ஆத், லேன்மேன் ஆத் இரண்டையும் எஸ் என்று வை. இவ்வளவும் செய்துவிட்டு இன்னும் உள்ளே விடவில்லை என்று சிலர் உட்கார்ந்திருப்பார்கள். காரணம்: லேன்மேன் வடிவத்தைச் சாம்பா முன்பு சேமித்தே வைத்திருக்காது. அமைப்பை மாற்றிய பிறகு எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையால் பாஸ்வேர்டை ஒருமுறை புதிதாகப் போடு.

அந்தப் பாஸ்வேர்ட் இந்தச் சர்வருக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும். உன் மெயில் பாஸ்வேர்டை அங்கே வைத்தாய் என்றால் நான் இதை எழுதியதே வீண்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. மிகப் பழைய எஸ்எம்பி சர்வர்கள் பாஸ்வேர்டை மறைக்காமல் வெறுமனே எதிர்பார்க்கும். என்டி 4.0 சர்வீஸ் பேக் 3-இலிருந்து விண்டோஸ் அப்படி அனுப்ப மறுத்துவிட்டது. ரிஜிஸ்ட்ரியில் எனேபிள் பிளெய்ன் டெக்ஸ்ட் பாஸ்வேர்ட் என்ற மதிப்பை 1 ஆக்கினால்தான் அனுப்பும்.

10. நெட்வொர்க் நெய்பர்ஹுட்டில் தெரியவில்லை என்று அழாதே.

அந்தப் பட்டியல், மெஷின்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்து ஒன்றைத் தலைவராக்கி அதனிடம் பேர் கொடுத்துச் சேகரிப்பது. புதியது ஒன்று தெரியக் கால் மணி நேரமும் ஆகலாம். அணைத்துவிட்ட மெஷின் வெகுநேரம் பட்டியலிலேயே நிற்கும். ஸ்டார்ட், ரன் போய், இரண்டு பேக்ஸ்லாஷ் போட்டுச் சர்வர் பெயரை நேரடியாக அடி. பெயர் புரியவில்லை என்றால் எல்எம்ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஐபி முகவரியோடு எழுதி வை. சர்வர் ஃபயர்வாலில் 445 போர்ட்டை மட்டும் திறந்து வைத்திருந்தால் விண்டோஸ் 95-க்கு அது உதவாது. அதற்குத் தெரிந்தது 139. பெயர் தேட 137.

11. பெயரையும் அளவையும் சின்னதாக வை.

கம்ப்யூட்டர் பெயர் 15 எழுத்துக்குள். ஷேர் பெயர் 12 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் 95-க்குத் தெரியவே தெரியாது. டாஸுக்கு 8 எழுத்து. இடைவெளி வேண்டாம். பல டெராபைட் டிஸ்க்கைப் பார்த்தால் பழைய புரோகிராம்கள் மிச்ச இடத்தைக் கணக்கிடத் தெரியாமல், இடமே இல்லை என்று நின்றுவிடும். சாம்பாவில் மேக்ஸ் டிஸ்க் சைஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 1000 மெகாபைட் என்று வைத்துவிடு. டிஸ்க் அவ்வளவுதான் என்று சர்வர் சொல்லும், பழைய இன்ஸ்டாலர் நிம்மதியாக வேலை பார்க்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. இன்றைய மெஷினில் யூனிகோடில் தமிழ்ப் பெயர் வைத்த ஃபைலை அந்த ஷேரில் போட்டால், விண்டோஸ் 95 அதைத் தமிழில் காட்டாது. அதன் கோட்பேஜில் தமிழ் எழுத்துக்கு இடம் கிடையாது. சாம்பா ஏதோ எட்டெழுத்துக் கிறுக்கலாக மாற்றித்தான் கொடுக்கும். பொது ஷேரில் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். ஃபைலுக்குள் இருக்கும் தமிழ் வேறு கதை. பாமினி போன்ற 8 பிட் எழுத்துருவில் அடித்த பேஜ்மேக்கர் ஃபைல் நெட்வொர்க்கில் பத்திரமாக வந்து சேரும். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஒன்றும் படிக்க முடியாது. ஃபைலை நகலெடுக்கும்போதே அந்த மெஷினின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடு. அச்சகத்துக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்.

12. மேக்கின்டாஷ் வைத்திருப்பவர்களுக்கு.

சிஸ்டம் 6, சிஸ்டம் 7 ஓடும் மேக்குக்குச் சர்வர் தெரிய வேண்டிய இடம் சூசர். ஆப்பிள்ஷேர் ஐகானைத் தட்டினால் பெயர் வர வேண்டும். லினக்ஸில் அதற்கு நெட்டாடாக் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பதிப்பைக் கவனி. 2-ஆம் வரிசை ஆப்பிள்டாக் பேசும். 2012-இல் வந்த 3.0 அதை எடுத்துவிட்டது. 2024-இல் வந்த 4.0 திரும்பச் சேர்த்தது. இன்ஸ்டால் செய்துவிட்டு சூசர் காலியாக இருக்கிறது என்கிறவர்கள் பெரும்பாலும் 3-ஐப் போட்டிருப்பார்கள்.

ஈதர்நெட் இல்லாத மேக் பிளஸ், கிளாசிக் போன்றவற்றுக்கு லோக்கல்டாக் மட்டுமே. நொடிக்கு 230.4 கிலோபிட். 1.44 மெகாபைட் ஃபிளாப்பி அளவு வர ஒரு நிமிடமாவது ஆகும், பொறுமையாக இரு. ஆப்பிளின் சொந்த கேபிளைத் தேட வேண்டாம். ஃபாராலன் நிறுவனத்தின் ஃபோன்நெட் பெட்டிகள் சாதாரண டெலிபோன் கம்பியிலேயே வேலை செய்யும். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இங்கேயும் வேண்டும். லோக்கல்டாக்கிலிருந்து ஈதர்நெட்டுக்கு ஏற அசான்டேடாக் போன்ற பாலப் பெட்டி வேண்டும்.

பழைய மேக் அனுப்பும் பாஸ்வேர்ட் 8 எழுத்துக்குள் இருக்க வேண்டும். நெட்டாடாக்கில் கிளியர் டெக்ஸ்ட் அல்லது ரேண்ட்நம் முறையைத் திறந்து வை. வால்யூம் அளவை 2 ஜிபிக்குள் காட்டச் சொல்லு. அதற்கு வால்சைஸ் லிமிட் என்று ஓர் அமைப்பு உண்டு.

ஒரு மேக் ஃபைலுக்கு இரண்டு பாதி. டேட்டா ஒரு பக்கம், ரிசோர்ஸ் ஃபோர்க் இன்னொரு பக்கம். பழைய புரோகிராம்களின் உயிரே இரண்டாவதில்தான் இருக்கிறது. விண்டோஸ் வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ நகலெடுத்தால் அந்தப் பாதி உதிர்ந்துவிடும். திரும்ப மேக்கில் வைத்தால் வெறும் வெள்ளைத் தாள் ஐகான் வரும். வேறு மெஷின் வழியே போக வேண்டியதை ஸ்டஃப்இட்டில் கட்டியோ பின்ஹெக்ஸில் மாற்றியோ அனுப்பு. நெட்டாடாக் 2 இந்த இரண்டாம் பாதியை ஆப்பிள்டபுள் என்ற மறைவான ஃபோல்டரில் வைக்கும். லினக்ஸ் பக்கத்திலிருந்து உள்ளே புகுந்து பெயர் மாற்றாதே, நகர்த்தாதே. ஜோடி பிரிந்துவிடும்.

13. வெர்ச்சுவல் மெஷினில் ஓட்டுகிறாயா?

நெட்வொர்க்கை நாட் முறையில் விடாதே. நாட் முறைக்குத் தெரிந்தது ஐபி மட்டும்; ஐபிஎக்ஸ், ஆப்பிள்டாக், நெட்பியூயி அங்கேயே நின்றுவிடும். பிரிட்ஜ் போடு, அதுவும் கம்பி இணைப்பின்மேல். இன்னொன்று: விண்டோஸ் 95-ஐ வேகமான பிராசஸரில் ஏற்றினால் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே போனதும் நெட்வொர்க் டிரைவர் ஏறும் இடத்தில் விண்டோஸ் புரொடெக்ஷன் எர்ரர் என்று விழும். விண்டோஸின் நெட்வொர்க் டிரைவர் பகுதியான என்டிஐஎஸ் தன் நேரக் கணக்கைப் போடும்போது பூஜ்ஜியத்தால் வகுக்கப் பார்க்கிறது. நெட்வொர்க் கார்டை எடுத்தால் சரியாகிறதே என்று கார்டைக் குறை சொல்லாதே. அதற்கான பேட்ச் இருக்கிறது.

14. ஃபாக்ஸ்புரோ, டிபேஸ் வைத்திருப்பவர்கள் ஆப்லாக்கை அணைத்துவிடுங்கள்.

ஃபைலைத் தன் கேஷில் வைத்துக்கொள்ள மெஷினுக்குச் சர்வர் தரும் அனுமதிதான் ஆப்லாக். ஒரே டிபிஎஃப் ஃபைலை நான்கு மெஷின் திறக்கும்போது, ஒவ்வொன்றும் தன்னிடம் இருப்பதே புதியது என்று கேஷில் பிடித்து வைத்தால் இன்டெக்ஸ் குழம்பிவிடும். சாம்பாவில் விட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ் என்ற அமைப்பில் டிபிஎஃப், சிடிஎக்ஸ், ஐடிஎக்ஸ் மூன்றையும் எழுதி வை. கொஞ்சம் மெதுவாகும். கணக்கு மிஞ்சும்.

15. மாட்டிக்கொண்டால் வயரைக் கேள்.

ஒரு பழைய ஹப்பைத் தேடிப் பிடி. சுவிட்ச் இதற்கு ஆகாது, அது மற்றவர் பேச்சை உனக்கு அனுப்பாது. ஹப்பில் உன் லேப்டாப்பையும் சொருகி வயர்ஷார்க்கை ஓட்டு. ஐபிஎக்ஸ், என்சிபி, ஆப்பிள்டாக், எஸ்எம்பி எல்லாவற்றையும் அது பிரித்துக் காட்டும். கிளையன்ட் எந்த ஃப்ரேமில் கூப்பிடுகிறது, சர்வர் எதில் பதில் சொல்கிறது, எந்த இடத்தில் மறுக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். சாம்பாவே இப்படிப் பிறந்ததுதான். கான்பெராவில் மாணவராக இருந்த ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், 1991 கடைசியில், கையில் ஆவணம் எதுவும் இல்லாமல் டெக் நிறுவனத்தின் பாத்ஒர்க்ஸ் மென்பொருள் வயரில் என்ன பேசுகிறது என்று கவனித்துத்தான் தன் சர்வரை எழுதத் தொடங்கினார். ஊகத்தில் அமைப்பை மாற்றிக்கொண்டே போவதைவிட ஒரு மணி நேரம் கவனிப்பது மேல்.

16. நடுவில் ஒரு பன்மொழிக்காரனை வை.

மெயின் சர்வரை உடைத்துத் திறக்காமல் காரியம் ஆக வேண்டுமா? என் சிபாரிசு விண்டோஸ் 2000 சர்வர். அது எஸ்எம்பி பேசும், நெட்பியூயி பேசும், ஐபிஎக்ஸ் பேசும்; மேக்குகளுக்கான ஃபைல் சர்வீஸும் அதில் உண்டு, என்டிஎஃப்எஸ் வால்யூம் கொடுத்தால் போதும். நெட்வேருக்கான கேட்வே சர்வீஸும் இருக்கிறது; நெட்வேர் வால்யூமை விண்டோஸ் மெஷின்களுக்குச் சாதாரண ஷேராகக் காட்டும். அடுத்த பதிப்பிலேயே அந்த கேட்வேயை எடுத்துவிட்டார்கள். லினக்ஸ்தான் வேண்டும் என்றால், நெட்வேர் போல நடிக்கும் மார்ஸ்என்டபிள்யூஇ இருக்கிறது, 4.18-க்கு முந்தைய கெர்னல் உள்ள பழைய லினக்ஸை வெர்ச்சுவல் மெஷினில் போட்டு ஓட்டு.

ஷேரே வேண்டாம், ஃபைல் வந்தால் போதும் என்பவர்களுக்கு டாஸில் எம்டிசிபி என்ற மென்பொருளின் எஃப்டிபி சர்வர் இருக்கிறது. ஒரு பாக்கெட் டிரைவரும் கொஞ்சம் மெமரியும் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

17. இந்த மெஷின்கள் எதையும் இன்டர்நெட் பக்கம் விடாதே.

எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கதவைத்தான் நீ இப்போது தெரிந்தே திறந்திருக்கிறாய். பழையவற்றுக்குத் தனிச் சுவிட்ச். நடுவில் நிற்கும் மெஷினுக்கு இரண்டு கார்டு. ஒரு பக்கத்து பாக்கெட்டை மறுபக்கம் அனுப்பும் ஐபி ஃபார்வர்டிங் அணைந்திருக்க வேண்டும். மாஸ்டர் காப்பி இருக்கும் ஷேர் ரீட் ஒன்லியாக இருக்கட்டும்.

18. எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன்.

நெட்வொர்க் அமைப்பதற்கு முன்பே அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடு. டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ அடாப்டர் வழியாகப் புதிய மெஷினில் மாட்டி, எதுவும் எழுதாமல் அப்படியே பிட் பிட்டாக நகலெடு. நெட்வேர் வைத்திருந்தால் அதன் லைசென்ஸ் ஃபிளாப்பியையும் இமேஜ் எடு. அது படிக்காமல் போனால் சர்வரை மறுபடி நிறுவ முடியாது. உனக்குத் தெரிந்த அச்சகத்திலோ பழைய அலுவலகத்திலோ இப்படி ஒரு மெஷின் அணைந்து கிடந்தால், விலைக்குப் போடும் முன் ஒரு நாள் உன்னிடம் தரச் சொல்லிக் கேள். இந்த மாதமே கேள்.